குருதி உறைதலும் கரைதலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். 1658ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள், காரைதீவை அம்ஸ்ரடாம் என்றனர். ஊர்காவற்றுறையும் வேலணையும் அமைந்த பெருந்தீவை லைடன் என்றனர். புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. இப்பெயர்களுட் பெரும்பாலானவை ஒல்லாந்தர் ஆட்சியோடு வழக்கொழிந்தன. லைடன் என்னும் பெயர் ஏடுகளிலும் வரைபடங்களிலும் தங்கி நின்றது. டெல்வ்ற் என்பதோ இன்றும் ஆங்கிலத்தில் நெடுந்தீவின் பெயராக வழங்குகின்றது.

மனித உடலிலே குருதி எவ்வாறு உறைகின்றது, உறைந்த குருதி எவ்வாறு மீண்டும் கரைகின்றது என்னும் வினாவின் வரலாற்றை ஆராயப் புகுவோர் இவ்விரு நகரப் பெயர்களையும் வழியிலே சந்திப்பர். அவ்வரலாறு தீவக மக்களுக்கு வெறும் ஏட்டுக் கல்வியன்று. நெடுந்தீவிலே நள்ளிரவில் ஒருவருக்கு மாரடைப்பு ஏற்படுமாயின், அவருடைய இதயத்து நாடியொன்றைச் சிறியதொரு குருதிக்கட்டி அடைத்திருக்கின்றது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அதனைக் கரைக்கும் மருந்து உலகில் உண்டு. ஆயினும் நோயாளிக்கும் பெரிய வைத்தியசாலைக்கும் இடையே கடல் கிடக்கின்றது. குருதிக்கட்டி கரைவதற்கும் காலத்துக்கும் உள்ள தொடர்பை அறிந்தாலன்றி, அக்கடலின் அகலம் எத்துணைப் பெரிது என்பதை உணர்தல் இயலாது.

ஒல்லாந்து நாட்டு டெல்வ்ற் நகரிலே 1632ஆம் ஆண்டில் அந்தோனி வான் லீவன்ஹுக் என்பவர் பிறந்தார். அவர் துணி வணிகர். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதியாதவர். இலத்தீன் மொழி அறியாதவர். துணியின் இழைகளை எண்ணிப் பார்க்க வணிகர் கையாளும் வில்லைகளிலே தொடங்கிய அவருடைய ஆர்வம், தாமே வில்லை தேய்த்து நுணுக்குக்காட்டிகள் செய்யுமளவுக்கு வளர்ந்தது. 1674ஆம் ஆண்டிலே இலண்டன் அரச கழகத்துக்கு அவர் எழுதியனுப்பிய செய்திகளுள் மனிதக் குருதி பற்றியதும் ஒன்றாகும். செந்நிறமான ஒரே நீர்மமாகத் தோன்றும் குருதி, உண்மையிலே தெளிந்த நீர்மமொன்றில் மிதக்கும் எண்ணற்ற சிறு செவ்வுருண்டைகளால் ஆயது என அவர் விவரித்தார். செங்குழியங்கள் என இன்று பாடசாலை மாணவர் படிப்பவை இவையே. நெடுந்தீவு டெல்வ்ற் என்னும் பெயரைத் தாங்கி ஒல்லாந்தரின் கீழிருந்த அதே காலத்திலேதான் அந்நகர வணிகர் இதனைக் கண்டறிந்தார்.

அதற்குச் சில ஆண்டுகளின் முன், 1666ஆம் ஆண்டிலே, இத்தாலி நாட்டு மல்பீகி என்னும் அறிஞர் உறைந்த குருதிக்கட்டியொன்றை எடுத்து நீரிலே கழுவினார். செந்நிறம் கழுவுண்டு போயிற்று. எஞ்சியதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கியபோது வெண்ணிற நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கக் கண்டார். இவ்விரு காட்சிகளையும் சேர்த்து நோக்கின் குருதிக்கட்டியின் அமைப்பு விளங்கும். அது ஒரு வலை. அவ்வலையிலே அகப்பட்ட மீன்கள் போன்றவை செங்குழியங்கள்.

வலையின் நூலுக்கு வேதியியலார் இட்ட பெயர் பைபிரின். குருதியிலே அது நூலாக இருப்பதில்லை. பைபிரினோஜன் என்னும் கரைந்த புரதமாகவே ஓடிக்கொண்டிருக்கும். குழாய் கிழிந்து காயம் உண்டாகும்போது குருதிச் சிறுதட்டுக்கள் முதலில் வந்து ஒட்டிக்கொள்ளும். பின்னர், உறைதற் காரணிகள் எனப்படும் பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்டித் துரொம்பின் என்னும் நொதியத்தைத் தோற்றுவிக்கும். அந்நொதியம் பைபிரினோஜனை நூலாக மாற்றும். மற்றொரு காரணி அந்நூல்களைக் குறுக்கே முடிந்து வலையை இறுக்கும். காயத்தினின்றும் குருதி பெருகாமல் நிற்பது இவ்வாறே.

வலை கட்டப்படும் விதத்தை ஆராய்ந்தோர் பலர். கட்டிய வலை பின்னர் என்னவாகின்றது என்று கேட்டோர் நெடுங்காலம் சிலரேயாவர். காயம் ஆறியபின் குழாயினுள்ளே அக்கட்டி கிடக்குமாயின் குருதியோட்டம் தடைப்படும் அல்லவா? அது எங்கோ மறைகின்றது. எவ்வாறு மறைகின்றது?

இதற்கான முதற் குறிப்பு இறந்தோரின் உடலிலிருந்து கிடைத்தது. இத்தாலி நாட்டு மொர்காக்னி 1761ஆம் ஆண்டிலே வெளியிட்ட பெருநூலிலே, திடீரென இறந்தோருடைய குருதி உறையாமல் நீர்த்தே இருந்தமையைப் பதிவு செய்தார். ஆங்கிலச் சத்திர வைத்தியர் ஜோன் ஹன்டர் குருதியைப் பற்றி எழுதிய நூல், அவர் இறந்த மறுவருடமாகிய 1794இலே வெளிவந்தது. மின்னல் தாக்கி மடிந்தோரிடத்தும், வேட்டைநாய்களாற் களைக்கத் துரத்தப்பட்டு வீழ்ந்த மான்களிடத்தும் குருதி உறைவதில்லை என்று அவர் அதிலே குறித்திருந்தார். இவற்றின் காரணத்தை அக்காலத்தவர் எவரும் அறியார். 1893ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் அல்பேர்ட் தாஸ்ற்ர், பைபிரின் தானே கரைந்துபோகும் இந்நிகழ்ச்சிக்குப் பைபிரின்கரைவு என்னும் பொருள்படப் பெயரிட்டார். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

காரணம் அறியாமலே அந்நிகழ்ச்சியைப் பயன்படுத்தியவர் மொஸ்கோ நகரத்துச் சத்திர வைத்தியர் செர்ஜி யூடின். திடீரென இறந்தோரின் குருதி முதலில் உறைந்து சில மணி நேரத்துள் மீண்டும் நீர்த்துவிடுவதையும், அதன்பின் அது உறையாதிருப்பதையும் உருசிய வைத்தியர் அறிந்திருந்தனர். 1930ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே யூடின் அத்தகைய குருதியை, உயிர் ஊசலாடிய ஒருவருடைய உடலிலே செலுத்தி அவரைக் காத்தார். அதிர்ச்சியுற்ற உடல் தன் குழாய்ச் சுவர்களினின்றும் ஏதோ ஒரு பொருளைப் பெருமளவிற் சொரிகின்றது என்பதும், அப்பொருளே கட்டியைக் கரைக்கின்றது என்பதும் பின்னரே தெளிவாயின.

தெளிவு பிறந்தது, முற்றிலும் வேறொன்றைத் தேடிய ஓர் ஆய்வுகூடத்திலே. அமெரிக்க நாட்டின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரிலெற் என்னும் வைத்தியர் தொண்டைப்புண்ணை உண்டாக்கும் ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் பற்றீரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்பற்றீரியா கலந்த குருதிநீர் சோதனைக் குழாயிலே முதலில் உறைந்தது. சிறிது நேரம் கழித்து அக்குழாய்களை நோக்கியபோது கட்டி இல்லை, நீர்மமே இருந்தது. 1933ஆம் ஆண்டிலே அவரும் கார்னர் என்பவரும் இதனை வெளியிட்டனர். நோய் செய்யும் உயிரி தன்னைச் சுற்றி உடல் கட்டும் வலையை அறுத்து வெளியேற வைத்திருக்கும் கருவியே இது என்பது பின்னர் தெரியவந்தது.

ஆயினும் அக்கருவி நேரே வலையை அறுப்பதன்று. மனிதக் குருதியிலுள்ள ஒரு புரதம் துணை நின்றாலன்றி அது செயற்படாது என்பதை 1941ஆம் ஆண்டிலே மில்ஸ்ரன் காட்டினார். 1945ஆம் ஆண்டிலே கிறிஸ்ரென்சன், மக்லியோட் என்னும் இருவர் அதன் முறையை விளக்கினர். பிளாஸ்மினோஜன் என்னும் புரதம் குருதியிலே செயலற்று ஓடுகின்றது. அதனைத் தூண்டிப் பிளாஸ்மின் என்னும் கூரிய நொதியமாக மாற்றுவதே பற்றீரியாவின் பொருள் செய்யும் தொழில். அப்பொருளுக்கு ஸ்ரெப்ரோகைனேஸ் என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1947ஆம் ஆண்டிலே டென்மார்க்கைச் சேர்ந்த அஸ்ற்றப்பும் பெர்மினும் அதே தூண்டுதலைச் செய்யும் பொருள் உடலின் இழையங்களிலேயே உண்டு எனக் கண்டனர். அதே ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த மக்பர்லேனும் பில்லிங்கும் மனித சிறுநீரிலும் அத்தகைய ஆற்றல் உண்டெனக் கண்டனர்.

இவற்றால் விளங்கும் முறை வியப்புக்குரியது. வலை பின்னப்படும்போதே பிளாஸ்மினோஜனும் நூல்களோடு சேர்ந்து உள்ளே சிக்கிக்கொள்கின்றது. வலையை அறுக்க வேண்டிய கத்தி, உறையிலிட்டபடியே வலைக்குள் வைத்துப் பின்னப்படுகின்றது என்று கூறலாம். குழாயின் உட்சுவர் இழையத் தூண்டி எனப்படும் பொருளை மெல்ல மெல்லச் சுரக்கின்றது. ஓடும் குருதியிலே அதன் ஆற்றல் மிகச் சிறிது. பைபிரின் நூலிலே பற்றிய கணமே அவ்வாற்றல் பன்மடங்கு பெருகுகின்றது. கத்தி உறையைவிட்டு வெளிவந்து நூல்களைத் துண்டு துண்டாக நறுக்குகின்றது. நறுக்கிய துண்டுகள் குருதியோடு கலந்து செல்கின்றன. அவற்றை அளந்தே உடலில் எங்கேனும் கட்டி உண்டாகிக் கரைகின்றதா என்பதை வைத்தியர் இன்று ஊகிக்கின்றனர்.

கத்தி கட்டுக்கடங்காமல் ஓடித் திரியின் உடலெங்கும் குருதி பெருகும். ஆதலால் அதற்குக் காவலும் உண்டு. வலையைவிட்டு வெளியே வந்த பிளாஸ்மினை உடனே பிடித்துச் செயலறச் செய்யும் புரதத்தை 1976ஆம் ஆண்டிலே அறிஞர் இனங்கண்டனர். தூண்டியையே தடுக்கும் மற்றொரு புரதமும் பின்னர் அறியப்பட்டது. உறைதலும் கரைதலும் ஓயாது நடைபெறுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்து நிற்கும் நிலையே நலம். இக்கருத்தை அஸ்ற்றப் தமது எழுத்துக்களிலே வலியுறுத்தினார்.

இச்சமநிலையை மாற்றுவன எவை? முதலாவது கட்டியின் வயது. புதிய கட்டி எளிதிற் கரையும். நேரம் செல்லச் செல்ல நூல்கள் குறுக்கே முடியப்பட்டு, சிறுதட்டுக்கள் சுருங்கி இழுத்து, கட்டி இறுகும். இரண்டாவது வலையின் கண். தடித்த நூலால் அகன்ற கண்ணோடு பின்னிய வலை விரைந்து அறுபடும். மெல்லிய நூலால் நெருங்கிய கண்ணோடு பின்னியது, நூல் மெலிந்ததாயினும் தாமதித்தே அறுபடும். மூன்றாவது குருதியோட்டம். கரைக்கும் பொருளைக் கட்டியிடம் கொண்டு சேர்ப்பது ஓட்டமே. ஓட்டம் முற்றாக நின்ற குழாயிலே அது சென்று சேர்வது அரிது. நான்காவது தடுக்கும் புரதத்தின் அளவு. உடல் மிகப் பருத்தோரிடத்தும் நீரிழிவு நோயாளரிடத்தும் அது மிகுந்து காணப்படும். ஒரே மனிதரிடத்தும் அது விடியற்காலையிலே உயர்ந்து பிற்பகலிலே தாழும். மாரடைப்புக் காலை வேளையிலே மிகுதியாக நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர். உடலுழைப்பின்போது குழாய்ச் சுவர் தூண்டியை மிகுதியாகச் சுரக்கும். புகைபிடித்தல் அச்சுரப்பைக் குறைக்கும்.

பிறப்பிலேயே சமநிலை திரிந்தோரும் உளர். இங்கேதான் லைடன் என்னும் பெயர் மீண்டும் வருகின்றது. உறைதலைத் தொடக்கிய உடல், அது எல்லை மீறாதவாறு ஐந்தாம் உறைதற் காரணியை வெட்டிச் செயலறச் செய்யும். சில குடும்பத்தாரிடத்தே அவ்வெட்டு நிகழ்வதில்லை என்பதைச் சுவீடன் நாட்டு டால்பேக் 1993ஆம் ஆண்டிலே அறிவித்தார். மறுவருடம் ஒல்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர், பேர்ற்றினாவின் தலைமையிலே, பரம்பரைக் கூறொன்றில் நேர்ந்த ஒரேயொரு மாற்றமே அதற்குக் காரணம் எனக் கண்டனர். ஆய்வு நிகழ்ந்த நகரின் பெயரால் அம்மாற்றம் ஐந்தாம் காரணி லைடன் எனப்பட்டது. அஃது உடையாரிடத்தே துரொம்பின் மிகுதியாகத் தோன்றுதலால் கட்டி எளிதில் உண்டாகும். கால் நாளங்களிலே உறைவு ஏற்படும் வாய்ப்பு மிகும். ஐரோப்பியரிடையே நூற்றுக்கு ஐவர் வரையில் இம்மாற்றத்தை உடையர். தென்னாசிய மக்களிடத்தே இது அரிது. லைடன் தீவு மக்கள் ஊரின் பழைய பெயரைத் தாங்கிய இந்நோய்க்கூறுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அவர்கள் அஞ்ச வேண்டியவை நீரிழிவும் புகைப்பழக்கமும் உழைப்பற்ற வாழ்வுமே.

பிறப்பினாலன்றி ஒரு கணத்திலே சமநிலையைக் குலைப்பதொன்றும் தீவகத்தில் உண்டு. அது பாம்பின் நஞ்சு. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருத்தலம் நாக வழிபாட்டின் தொன்மைக்குச் சான்றாக விளங்குவது. புளியந்தீவிலிருந்து பூக்கொண்டு கடல் கடந்து அம்மனை வழிபட வந்த நாகத்தைக் கருடன் தடுத்த கதையைத் தீவகத்திற் சிறுவரும் அறிவர். அந்த நாகத்தின் நஞ்சு பெரும்பாலும் நரம்புகளைத் தாக்குவது. குருதியைத் தாக்குவது புடையன். கண்ணாடிப் புடையன் என யாழ்ப்பாணத்தாரும் கண்ணாடி விரியன் எனத் தமிழகத்தாரும் வழங்கும் அப்பாம்பைச் சோழமண்டலக் கரையிலே ஆராய்ந்து, 1796ஆம் ஆண்டு தொடங்கி நூலாக வெளியிட்டவர் பற்றிக் ரசல் என்னும் வைத்தியர். அதனால் ஆங்கிலத்தில் அவர் பெயரே பாம்புக்கும் ஆயிற்று.

புடையனின் நஞ்சு குருதியை உறையச் செய்வது. அவ்வாறாயின் கடியுண்டோரின் ஈறுகளிலும் சிறுநீரிலும் குருதி கசிவது ஏன்? நஞ்சு உறைதற் காரணிகளை ஒரே வேளையில் உடலெங்கும் தூண்டிவிடுகின்றது. கணக்கற்ற சிறு வலைகள் தோன்றுகின்றன. பிளாஸ்மின் அவற்றை அறுத்துக்கொண்டே செல்கின்றது. கட்டுவதும் அறுப்பதுமாகப் பைபிரினோஜன் முழுவதும் செலவாகின்றது. இறுதியிலே வலை பின்ன நூலே இல்லை. குருதி உறையும் தன்மையை இழக்கின்றது. அதே நஞ்சைச் சிறு துளியாக நீரிற் கலந்து, குருதி உறையாப் பரம்பரை நோயாளரின் காயத்தில் இட்டுக் குருதியை நிறுத்தலாம் என்று 1934ஆம் ஆண்டிலே மக்பர்லேனும் பார்னெற்றும் காட்டினர். அளவும் இடமும் நோக்கி நஞ்சும் மருந்தாயிற்று.

கடித்த பாம்பை அடித்துக் கொணர்ந்து காட்டினாற்றான் வைத்தியம் செய்யலாம் என்னும் எண்ணம் ஊர்களில் உண்டு. அது வேண்டியதில்லை. சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயொன்றிலே நோயாளியின் குருதியைச் சிறிது எடுத்து 20 நிமிடம் அசையாது வைத்துச் சரித்துப் பார்த்தாற் போதும். உறையாது வழியுமாயின் நஞ்சு குருதியில் வேலை செய்கின்றது என்பது தெளிவு. மிகச் சிறிய வைத்தியசாலையிலும் செய்யத்தக்க இச்சோதனைக்கு மின்சாரமும் வேண்டா. கயிற்றால் இறுகக் கட்டுவதும் கத்தியால் கீறுவதும் இந்நிலையிலே பெருங்கேடு. உறையாத குருதி கீறிய வாயால் நிற்காமல் ஓடும்.

இனி, கரைக்கும் ஆற்றல் மருந்தான கதைக்கு வருவோம். 1949ஆம் ஆண்டிலே ரிலெற்றும் ஷெரி என்பவரும் ஸ்ரெப்ரோகைனேஸை நெஞ்சறையிலே தேங்கி உறைந்த குருதியைக் கரைக்கப் பயன்படுத்தினர். 1958ஆம் ஆண்டளவிலே ஷெரியும் அவர் துணைவரும் அதனை மாரடைப்பு நோயாளருக்கு நாளத்தின் வழியே கொடுத்தனர். ஆயினும் அம்மருந்து உலகெங்கும் பரவ மேலும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் சென்றன. மாரடைப்புக்குக் கட்டி காரணமா, அல்லது மாரடைப்பின் விளைவாகவே கட்டி தோன்றுகின்றதா என்னும் ஐயம் தீராதிருந்தமையே இத்தாமதத்துக்கு முதன்மையான காரணம். 1980ஆம் ஆண்டிலே டிவுட் என்பவரும் அவர் துணைவரும், மாரடைப்புத் தொடங்கிய முதல் நான்கு மணி நேரத்துள் வந்த நோயாளரின் முடியுரு நாடிகளைக் கதிர்ப்படம் பிடித்தனர். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நாடி முற்றாக அடைபட்டிருக்கக் கண்டனர். ஐயம் தீர்ந்தது.

1986ஆம் ஆண்டிலே இத்தாலி நாட்டு வைத்தியர் 11,000க்கு மேற்பட்ட நோயாளரிடத்தே ஸ்ரெப்ரோகைனேஸைச் சோதித்த முடிவு வெளிவந்தது. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துள் மருந்து பெற்றோரிடத்தே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நேரம் நீள நீளப் பயன் தேய்ந்தது. ஆறு மணி நேரம் கடந்து பெற்றோரிடத்தே பயன் புலப்படவில்லை. 1988ஆம் ஆண்டிலே வெளிவந்த மற்றோர் ஆய்விலே 17,187 நோயாளர் பங்குபற்றினர். சாதாரண அஸ்பிரின் மாத்திரை மட்டுமே இறப்பை நான்கில் ஒரு பங்களவு குறைத்தது. ஸ்ரெப்ரோகைனேஸும் அவ்வளவே குறைத்தது. இரண்டும் சேர்ந்தபோது இறப்பு நூற்றுக்கு 13 என்பதிலிருந்து 8 ஆகத் தாழ்ந்தது. சிறுதட்டுக்கள் ஒட்டாமல் தடுப்பது அஸ்பிரின். கட்டிய வலையை அறுப்பது மற்றையது. ஒன்றின் தொழிலை மற்றொன்று செய்யாது.

ஸ்ரெப்ரோகைனேஸ் பற்றீரியாவின் பொருளாதலால் உடல் அதனை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். ஒருமுறை பெற்றவருக்கு மீண்டும் அதனைக் கொடுப்பது தகாது. இக்குறையைத் தீர்க்க, உடலின் சொந்த இழையத் தூண்டியையே பெறும் முயற்சி பெல்ஜிய நாட்டிலே கொலனின் ஆய்வுகூடத்தில் நடைபெற்றது. அப்பொருளை மிகுதியாகச் சுரக்கும் மனிதப் புற்றுநோய்க் கலங்களிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். 1983ஆம் ஆண்டு முதல் அதனைப் பரம்பரைக்கூற்று முறையால் ஆக்கவும் இயன்றது. அதன் வழிவந்த புதிய மருந்தொன்றை ஒரே ஊசியாகச் சில விநாடிகளிலே ஏற்றிவிடலாம்.

மூளையின் நாடி அடைபடுவதால் வரும் பாரிசவாதத்துக்கும் இம்மருந்து உதவும் என்பது 1995ஆம் ஆண்டிலே தெளிவாயிற்று. ஆயினும் அங்கே எல்லை குறுகியது: முதலில் மூன்று மணி நேரம், 2008ஆம் ஆண்டின் ஆய்வுக்குப் பின் நாலரை மணி நேரம். அன்றியும், பாரிசவாதம் நாடி வெடித்தும் வரலாம். வெடித்த நாடிக்குக் கரைக்கும் மருந்து நஞ்சாகும். எது நேர்ந்தது என்பதை மூளையின் கதிர்ப்படமே காட்டும். அப்பொறி பெரிய வைத்தியசாலைகளில் மட்டுமே உண்டு. மாரடைப்பு நோயாளருக்கும் மூளையிலே குருதி கசியும் ஆபத்து, நூற்றில் ஒருவருக்கும் குறைவாயினும், உண்டு. ஆகவே இது வீட்டிலே வைத்து விழுங்கும் மருந்தன்று.

கரைதலைத் தடுப்பதும் சில வேளைகளில் உயிர் காக்கும். யப்பான் நாட்டு உத்தாக்கோ ஒக்கமோட்டோ என்னும் பெண் வைத்தியர் தம் கணவரோடு சேர்ந்து 1962ஆம் ஆண்டிலே திரனெக்சாமிக் அமிலத்தை அறிவித்தார். பிளாஸ்மினோஜன் நூலைப் பற்றும் இடத்தை அம்மருந்து அடைத்துவிடும், கத்தி நூலை நெருங்க இயலாது, வலை நிலைக்கும். பிரசவத்தின்பின் குருதி பெருகி இறக்கும் தாய்மாரைக் காக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். 2010ஆம் ஆண்டிலே விபத்துக் காயக்காரரிடத்தும், 2017ஆம் ஆண்டிலே 21 நாடுகளைச் சேர்ந்த 20,000 தாய்மாரிடத்தும் நடந்த ஆய்வுகள் அதன் பயனை நிறுவின. தாய்மார் பற்றிய முடிவு வெளிவருவதற்கு ஓராண்டு முன்னரே ஒக்கமோட்டோ தமது 98ஆவது வயதில் மறைந்திருந்தார். இம்மருந்துக்கும் எல்லை மூன்று மணி நேரமே.

கட்டியைக் கரைப்பதாயினும் காப்பதாயினும் மணிக்கூடே தீர்ப்புக் கூறுகின்றது. அம்மணிக்கூட்டைத் தீவகத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்திலே மேனாட்டு வைத்தியம் வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் 1847ஆம் ஆண்டிலே வந்து மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தினார். தமிழிலேயே மாணவருக்கு வைத்தியம் கற்பித்தார். இரணவைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அரச அதிபர் பேர்சிவல் டைக் 1850ஆம் ஆண்டிலே நிறுவிய வைத்தியசாலையே, 1907ஆம் ஆண்டில் அரசின் பொறுப்பிற்கு வந்து, இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாக விளங்குகின்றது. தீவகத்துப் பெருநோயாளர் இறுதியாகச் சென்று சேரும் இடம் அதுவே.

வேலணையும் ஊர்காவற்றுறையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் யாழ்ப்பாணத்தோடு இணைந்துவிட்டன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையிலிருந்து படகே வழி. நயினாதீவுக்குச் சிறிது நேரம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு மேலும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். கடல் கொந்தளிக்கும் பருவத்திலும் இரவிலும் இக்கணக்கு நீளும். நெஞ்சுவலியை வாயுவென்று எண்ணி, கைமருந்து குடித்து, விடியட்டும் முதற்படகிற் போகலாம் என்று காத்திருப்போரின் கணக்கோ அதனினும் நீளும். இத்தாலிய ஆய்வு கண்ட முதல் மணி நேரம் படகு புறப்படுமுன்னரே கழிந்துவிடுகின்றது.

இதற்கு மாற்று உண்டென்பதை ஸ்கொத்லாந்து காட்டியது. அங்கே அபர்டீன் நகருக்குத் தொலைவிலுள்ள நாட்டுப்புறங்களில், மாரடைப்பு நோயாளருக்கு ஊர் வைத்தியரே கரைக்கும் மருந்தை வீட்டில் வைத்து ஏற்றிவிட்டு, அதன்பின் நகருக்கு அனுப்பும் ஆய்வொன்று நடந்து, 1992ஆம் ஆண்டிலே முடிவு வெளிவந்தது. நகர வைத்தியசாலையை அடைந்தபின் மருந்து பெற்றோருக்கு வலி தொடங்கிச் சராசரி நான்கு மணி நேரம் கழிந்திருந்தது. வீட்டிலே பெற்றோருக்கு ஒரு மணி நாற்பது நிமிடமளவே. மூன்று மாத முடிவிலே, வீட்டில் மருந்து பெற்றோரிடையே இறப்பு மற்றையோரிடத்ததிற் பாதியளவே. நோயாளி மருந்திடம் செல்வதற்கு முன் மருந்து நோயாளியிடம் செல்லலாம் என்பதே இதன் படிப்பினை. இதயத்தின் மின்வரைபடத்தைத் தொலைபேசியிலே நகரத்து நிபுணருக்கு ஒரு நிமிடத்தில் அனுப்பலாம். ஒரே ஊசியாக ஏற்றத்தக்க மருந்தும் உண்டு. பயிற்சி பெற்ற வைத்தியரும் கண்காணிக்கும் கருவிகளும் தீவிலேயே எந்நேரமும் இருப்பின், கடலைக் கடப்பதற்கு முன்னரே கட்டி கரையத் தொடங்கிவிடும். பாரிசவாதத்துக்கோ இவ்வழி இல்லை; கதிர்ப்படம் இன்றி மருந்தில்லை. முகம் கோணினும், கை சோரினும், நா குழறினும், எவ்வேளையாயினும் படகை எழுப்ப வேண்டியதே.

டெல்வ்ற் நகரத்து வணிகர் குருதியின் செவ்வுருண்டைகளை விவரித்து 350 ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் நகரின் பெயரைத் தாங்கிய தீவிலே வாழ்வோருக்கு அவ்வறிவின் முழுப் பயனும் கிட்ட, புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. நெஞ்சிலே வலி கண்ட வேளையைக் குறித்துக்கொள்வதும், அவ்வேளையிலேயே தீவின் வைத்தியசாலைக்குச் செல்வதும் மக்களின் கடமை. சென்றோருக்கு மருந்தும் வைத்தியரும் படகும் ஆயத்தமாக இருக்கச் செய்வது அரசின் கடமை.